ஒரு வீடு வேண்டாம் என்றது

சென்ற வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த ஒரு பாடகர் அகதிகளுக்காகக் குரல் கொடுக்க முன்வந்திருக்கிறாராம். அவரை நாமக்கல் பக்கத்து முகாமுக்கு அழைத்துப் போகிற பொறுப்பு இவளுக்கு. "கோமதியம்மாவை நீங்கதானேக்கா கூட்டிட்டுப் போனீங்க? என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் செய்ய வேண்டியதும் கூடாததும் பின்னுக்குப் போய்விட்டன. நடந்ததுதான் வருகிறது.

நான் சேலத்துக்காரி. படிப்பு முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் சொல்லி, ஒரு கிறிஸ்தவ நிவாரணச் சங்கத்தில் களப்பணிக்குச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் இலங்கை அகதி முகாம்களில் பாயும் பக்கெட்டும் கொடுப்பது, மாலை வகுப்பு நடத்துவது, தையல் சொல்லிக் கொடுக்க ஆள் பிடிப்பது என்று போயின. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்து முகாம்களுக்கும் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது தூக்கத்திலும் தெரியும் என்கிற நிலைக்கு வந்த பிறகு, எங்கள் இயக்குநர் இன்னாசிமுத்து சார் என்னைக் கூப்பிட்டு, "இனிமே வெளியாள் யார் வந்தாலும் நீதான் கூட்டிட்டுப் போகணும், ஜெசிந்தா" என்றார். அதுவே கடைசி வரைக்கும் என் வேலையாகிவிட்டது. நடிகர்கள், ஓய்வு பெற்ற நீதிபதிகள், எழுத்தாளர்கள், ஒரு கிரிக்கெட் வீரர், வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் என்று பலரை அந்தத் தெருக்களுக்குள் நடத்திப் போயிருக்கிறேன்.

சார் பள்ளி ஆசிரியராக இருந்து இந்த வேலைக்கு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பார்வையாளர் வரும் நாளில் அவருக்குச் சில முறைகள் உண்டு. வருவாய்த் துறை அனுமதி கையில் இல்லாமல் வண்டி கிளம்பாது. முகாம் வாசலில் எல்லோரும் போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். யாராவது ஒரு வீட்டுக்காரர் வாங்க என்று சொல்லும்வரை வீட்டு வரிசைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தால் வந்தவரும் தரையில்தான். கொடுத்த தேநீரை முழுக்கக் குடிக்க வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று போரைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது. இங்கே என்ன வேண்டும் என்று கேட்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் சினிமா நடிகர் ஒருவர் போர்வை கொடுக்க வந்தார். நல்ல மனிதர்தான். ஒரு மூதாட்டி போர்வையை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, படம் சரியாக விழவில்லை, இன்னொரு முறை என்றார், அவர் எங்களுக்குச் சொல்லாமல் கூட்டி வந்திருந்த காமிராக்காரர். அந்த அம்மாளும் திரும்பி வந்து போர்வையை நீட்டினார். சார் நடுவில் போய் அதை வாங்கி, மடித்து, அம்மாளின் தோளிலேயே போட்டுவிட்டு நடிகரிடம், "அவங்க ஒரு தடவை வாங்கியாச்சு சார்" என்றார். அவ்வளவுதான். நடிகர் முகம் சுருங்கிப்போனது. பிறகு அவராகவே காமிராக்காரரை வெளியே போகச் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம்தான் கோமதியம்மா வந்து சேர்ந்தார்.

பேராசிரியர் கோமதி என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பட்டிமன்ற நடுவர். கோயில் திருவிழா என்றாலும் நாமக்கல்லின் பெரிய விடுதிப் பள்ளிகளின் ஆண்டு விழா என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பள்ளியின் சார்பில் முகாம் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பத்தடிக்குப் பத்தடி வீடுகளையும், ஊரை விட்டு வெளியே போய் வர அனுமதி வாங்க வேண்டியிருப்பதையும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் இந்த நாடு சொந்தமில்லை என்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு எந்த மேடையில் ஏறினாலும் சிரிப்புக்கு நடுவில் இரண்டு நிமிடம் இவர்களைப் பற்றிப் பேசுவார். அழைத்தவர்களில் சிலர் நெளிந்தார்கள். சிலர் பாராட்டினார்கள். அவர் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

கஷ்டம் ஒரு படகால் வந்தது.

எருமப்பட்டி தாண்டிப் போகிற சாலையில் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்த முகாம் அது. அங்கிருந்து சில ஆண்கள் யாருக்கும் சொல்லாமல் கேரளக் கரைக்குப் போய், வெளிநாடு போகிற படகில் ஏறிவிட்டார்கள். முகாமில் மாதம் இரண்டு முறை தணிக்கை உண்டு. அதிகாரி பெயர் வாசிக்க, குடும்பத் தலைவர் எதிரில் வந்து நிற்க வேண்டும். வராதவர் பெயர் பதிவேட்டிலிருந்து அடிபட்டுப் போகும், உதவித்தொகையும் நின்றுவிடும். போனவர்களின் வீட்டார் எல்லோரும் பெயின்டிங் வேலைக்குப் பெங்களூர் போயிருக்கிறார் என்று ஒரே மாதிரி சொல்லி அவகாசம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முகாம் ஆண்களில் பெரும்பாலோருக்குப் பெயின்டிங்தான் தொழில் என்பதால் அது நம்பும்படியாகவும் இருந்தது. மாதங்கள் போயின. படகைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

போனவர்களில் ஒருவர் ஜெயசீலன். அவர் மனைவி யோகராணி, மன்னார்ப் பக்கத்துப் பெண். எங்கள் தையல் வகுப்பில் கற்று அங்கேயே சொல்லிக் கொடுத்தவள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் கோமதியம்மா முகாமுக்கு வந்திருந்தபோது தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்து எதிரில் நின்றாள்.

"நீங்கள் கதைச்சால் சனம் கேக்கும். என்ர மனுசன் கடலில போய் இத்தனை மாசம். உயிரோட இருக்கிறாரோ எண்டு தெரியேல்லை. அவற்ற பேரைச் சொல்லிக் கேளுங்கோ."

அறையில் இருந்த மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய தம்பியும் அதே படகில் போயிருந்தான்.

அன்றைக்கே கோமதியம்மா சேலம் வந்து சாரைப் பார்த்தார். அடுத்த மேடையில் பேசப்போகிறேன் என்றார். சார் உடனே மறுக்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் முகாம் தெரிந்துவிடும், முகாம் தெரிந்தால் மற்ற வீடுகளும் மாட்டும், அதனால் முதலில் எல்லா வீட்டையும் கேட்க வேண்டும் என்றார். கேட்பதற்கு அவரே கிளம்பினார். துணைக்கு நான்.

அவர் கேட்ட விதத்தை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒரே வார்த்தைகளைச் சொன்னார். "படகைப் பத்தி வெளியில பேசினா தேடுதல் நடக்கலாம். உங்க மேல கேஸும் வரலாம். எது நடக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது. பேசலாமா, வேண்டாமா?" இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க மாட்டார். பேசினால் நல்லது என்றோ யோகராணி பாவம் என்றோ சொல்ல மாட்டார். பதில் வரும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில வீடுகளில் அழுதார்கள். ஒரு வீட்டில் சண்டையே வந்தது. கடைசியில் பெயரையும் முகாமையும் சொல்லாமல் பேசலாம் என்று ஒவ்வொரு வீடாக ஒத்துக்கொண்டது.

கந்தையா ஐயா வீடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியை இழந்த முதியவர். ஒரே மகன் ரஜீவன். சார் சொல்லி முடித்ததும் ஐயா, "என்ர பொடியன் பெங்களூரில பெயின்ட் அடிக்கிறான். நீங்கள் வேற ஆரையோ தேடுறீங்கள்" என்றார். சார் தலையசைத்து எழுந்துவிட்டார்.

அந்தப் பதிலை நான்தான் கோமதியம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் நேராக அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சார், மத்த ஊட்டுக்காரங்க எல்லாம் சரீங்கறாங்க. ஒருத்தருக்காக அத்தனை பேரும் காத்திருக்கோணுங்களா?"

"இது ஓட்டெடுப்பு இல்லைங்கம்மா" என்றார் சார். "ஒரு வீடு வேண்டாம்னு சொல்லியிருக்கு."

"அந்தப் படகு கவுந்து கெடந்தா?"

அந்தக் கேள்வி சாரையும் தின்றுகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துக்கொண்டிருந்தார்.

கோமதியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தாமே கந்தையா ஐயாவைப் பார்க்கப் போனார். தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்று ஐயா மரியாதையாக வரவேற்றார். பேச்சு எங்கெங்கோ போனது. எழும்போது அம்மா படகு விஷயத்தைத் தொட்டார். ஐயா, "நீங்கள் பெரிய ஆக்கள். கதைக்கிறதை நான் எப்பிடித் தடுக்கிறது? ஆனா என்ர பொடியன் பெங்களூரிலதான்" என்றார்.

திரும்பும் வழியில் கோமதியம்மா அதைச் சம்மதம் என்றார். சாரிடம் நான் அப்படியே சொன்னபோது அவர் அதைச் சம்மதமில்லை என்றார். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். எந்தப் பக்கமும் சாயவில்லை.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். குடும்பப் பாரத்தை அதிகம் சுமப்பது வெளியூர் போகும் ஆணா, வீட்டைக் காக்கும் பெண்ணா என்பது தலைப்பு. அந்த ஊர்களில் லாரியிலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலும் ஆண்கள் வடநாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருப்பார்கள். திடல் நிறையப் பெண்கள். நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு அணியும் பேசி முடித்து, சிரித்துச் சிரித்து ஜனங்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் கோமதியம்மா தீர்ப்புச் சொல்ல எழுந்தார்.

"இங்க உக்காந்திருக்கற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு ஊட்டுக்காரரு வெளி மாநிலத்துல இருக்கறாரு. ரெண்டு நாள் போன் வரலீன்னா உங்களுக்குச் சோறு எறங்குமாங்க? நம்ம ஜில்லாவுல சில குடும்பம் மாசக்கணக்கா அப்படி உக்காந்திருக்குது. கடல்ல போன படகு என்னாச்சுன்னு வாய் தொறந்து கேக்கறதுக்குப் பயம். ஏன்னா அவங்க அகதிங்க. அவங்களுக்குப் பதிலா நான் கேக்கறேன். அந்தப் படகு எங்கீங்க?"

முன் வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். விழாக் குழுவினர் மேடைக்குப் பின்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு மறுநாளே எல்லோர் போனிலும் ஓடியது. சார் அதை என் போனில் பார்த்தார். முடிந்ததும் பின்னுக்கு ஓட்டச் சொல்லி ஓரிடத்தில் நிறுத்தினார். நம்ம ஜில்லா என்கிற இடம். அம்மா யார் பெயரையும் சொல்லவில்லை, முகாமையும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்த சொல் அது. மாவட்டத்தில் இருப்பவை சில முகாம்களே. தொலைக்காட்சிக்காரர்கள் தேடிப் பிடிக்க அது போதுமாக இருந்தது. அவர்களுக்குப் பின்னாலேயே விசாரணை அதிகாரிகளும் வந்தார்கள்.

தணிக்கை தினமும் நடந்தது. உண்மையிலேயே பெங்களூரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களும் வேலையை விட்டு ஓடி வந்து நிற்க வேண்டியிருந்தது. படகில் போனவர்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து அடிபட்டன. யோகராணி வாயால்தான் இத்தனையும் என்று முகாம் முழுக்கப் பேச்சு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தையல் வகுப்புக்கு யாரும் வரவில்லை. அவள் மட்டும் வந்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கோமதியம்மாவுக்கு மேடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வேறு நடுவரைப் போட்டுவிட்டோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நம்மூர் ஏழைகள் மேல் வராத அக்கறை அகதிகள் மேலா என்று மொட்டைக் கடிதங்கள் வந்தன. முகாமுக்கு வந்தபோது அவரைக் கண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. அடுத்த வாரமும் வந்தார். சாத்திய கதவுகளுக்கு நடுவே நடந்து யோகராணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கந்தையா ஐயாவை விசாரணைக்கு நாமக்கல்லுக்கு அடிக்கடி கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சார் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய் அவரோடு அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து டிபன் கேரியரில் சோறு கொண்டுபோவார். உள்ளே கூப்பிட்டால் தானும் எழுந்து போவார். நீங்க யார் என்று கேட்டால், "கூட வந்தவன்" என்பார். சாருக்கும் அப்போது வயதாகிவிட்டது, முட்டி வலி. கோமதியம்மாவைப் பற்றிக் குறையாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்றிருந்தது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எதற்காக ஒருவரை ஒருவரிடம் அழைத்துப் போகிறோம் என்று யோசிப்பேன்.

பிறகு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. வெளிநாட்டில் குடியேறிய ஒரு தமிழர், ஒரு தீவில் தடுத்து வைக்கப்பட்ட படகு மக்களைப் பார்க்கப் போய் வருபவர். கோமதியம்மாவின் பேச்சு அவர் போனுக்கும் போயிருக்கிறது. அங்கே இருந்தவர்களிடம் அதைப் போட்டுக் காட்டிக் கேட்டிருக்கிறார். அவர்களில் சிலர், எங்களைத்தான் சொல்லுகினம் என்று அழுதார்களாம். ரஜீவன் அங்கே இருந்தான். ஜெயசீலன் இல்லை.

தகவலை நானும் சாரும் முகாமுக்குக் கொண்டுபோனோம். ஜெயசீலனைப் பற்றி அந்தத் தமிழருக்கு ஒன்றும் தெரியவில்லை. ரஜீவன் அப்பாவிடம் பேசுவான், அவனைக் கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். குறித்த பகல் வேளையில் ஐயா வீட்டில் என் போன் அடித்தது. மகன் குரலைக் கேட்டதும் ஐயா ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து அவர் முகம் மாறியது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து வெளியே நடந்தார். வெயிலில் வரிசையைக் கடந்து யோகராணி வீட்டு வாசலில் போய் நின்றார். மாதக்கணக்கில் அவளோடு பேசாதவர்.

"பிள்ளை, இவன் உன்னோட கதைக்க வேணுமாம்" என்று போனை நீட்டினார்.

நீட்டும்போது ஒலிபெருக்கி இயங்கிவிட்டதால், பின்னாலேயே போயிருந்த எங்களுக்கும் கேட்டது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனதாம். தண்ணீர் தீர்ந்து பலருக்குக் காய்ச்சல். ஜெயசீலன் எழுந்திருக்கவில்லை. ஜெபம் சொல்லிக் கடலில் விட்டார்களாம். ரஜீவன் இதை முழுதாகச் சொல்ல முடியாமல் துண்டு துண்டாகச் சொன்னான். யோகராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"கடைசியில ஆர் பக்கத்தில இருந்தது?" என்றாள்.

"நான்தான் அக்கா. என்ர மடியிலதான் தலை."

அவள் போனை ஐயாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மகனோடு மிச்சத்தைப் பேசாமல் ஐயா போனை அணைத்துவிட்டு அவள் வாசலிலேயே குந்தியிருந்தார். சற்றுக் கழித்து மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அந்த ஆண்களுக்காகக் கோமதியம்மாவும், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரும், இன்னும் சிலரும் சேர்ந்து சென்னைக்கும் டெல்லிக்கும் நடையாய் நடந்ததும், வெகுகாலம் கழித்து அவர்களை வேறொரு நாடு ஏற்றுக்கொண்டதும் நீண்ட கதை. பாதிக்கு மேல் காத்திருந்ததுதான். ரஜீவன் இப்போது அங்கே வேலை பார்க்கிறான். இன்னாசிமுத்து சார் இறந்துவிட்டார். முகாம் வாசல் பலகையில் அகதிகள் என்பதை அழித்து மறுவாழ்வு முகாம் என்று எழுதியிருக்கிறார்கள். கோமதியம்மா கோயில் திடல்களில் பேசியதெல்லாம் போய், கிடைக்கிற சின்ன மண்டபங்களில் இருபது முப்பது பேருக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

பிரியாவுக்கு நான் சொல்ல நினைத்தது அந்தப் போன் வந்ததற்கு அடுத்த வாரம் நடந்தது. கோமதியம்மாவை யோகராணி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அன்றைக்குக் கதவுகள் சாத்திக்கொள்ளவில்லை. இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். கோமதியம்மா, "நான் பேசாம இருந்திருக்கோணுமா கண்ணு?" என்றார்.

யோகராணி யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"நீங்கள் கதைச்சபடியால ஐயாவுக்கு மகன் கிடைச்சான். எனக்கு அவர் இல்லையெண்டு தெரிய வந்தது. தெரியாமல் இருக்கிறதை விட இது பரவாயில்லை. ஆனா அந்த ஐயா வேண்டாமெண்டுதான் சொன்னவர், அம்மா. உங்களுக்கு விளங்கியிருக்கும். அவரைக் கூப்பிட்டு கூப்பிட்டு விசாரிச்சதை நான் பாத்தனான்."

கோமதியம்மா முழங்காலில் கையூன்றி எழுந்து வெளியே வந்தார். வழி காட்ட நானும் எழுந்தேன். யோகராணி என் கையைப் பிடித்து, "அவ தனியப் போகட்டும்" என்றாள்.

வாசலில் நின்று பார்த்தேன். அம்மா வரிசையின் கடைசி வரை நடந்து கந்தையா ஐயா வீட்டின் முன் நின்றார். ஐயா வெளியே வந்தார். கைகூப்பியபடி அம்மா ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, பிறகு நானும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஐயா அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவிலிருந்து விலகி, உள்ளே வர வழி விட்டார்.